மவுண்ட் ரோட்டில் இல்லாதவற்றைத் தேடி

1986 ஜூன் மாதம், பத்தொன்பது வயதில், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கடிதங்களையும் கோப்புகளையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கி வருவதுதான் வேலை. மூன்றாம் நாள் என்னிடம் தரப்பட்ட உறையில் கதவு எண் எட்டு நூற்றுச் சொச்சம் என்றிருந்தது. தேவி தியேட்டரின் எண் 48 என்பதைப் பார்த்தேன். அதே பக்கமாக நடந்து எல்.ஐ.சி. கட்டடத்துக்கு வந்தபோது எண் 102 ஆகியிருந்தது. இந்தக் கணக்கில் எண்ணூறு சைதாப்பேட்டை பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வெயிலில் தேனாம்பேட்டையைத் தாண்டி நந்தனம் வரை நடந்தேன். அங்கிருந்த ஒரு கடைக்காரர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் புறப்பட்ட இடத்துக்கு ஏறக்குறைய எதிரிலேயே அந்த அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்.

பழைய கதவு எண்கள் இந்தச் சாலையின் கிழக்குப் பக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கித் தெற்கு நோக்கி ஏறிச் சென்று, மேற்குப் பக்கத்தில் வடக்கு நோக்கித் திரும்பி வருகின்றன. அதனால்தான் ஸ்பென்சர் அங்காடிக்கு 769 என்றும், வடக்குக் கோடியில் உள்ள ‘தி இந்து’ அலுவலகத்துக்கு 859, 860 என்றும் எண்கள் இருந்தன. பின்னாளில் புது எண்களும் வந்து சேர்ந்துகொண்டன, எல்.ஐ.சி.க்கு 153, ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கு 116 என்று. இன்றும் இந்தச் சாலையில் ஒரு முகவரியை எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர்கள் அலைவதை நான் பார்க்கிறேன். எந்த எண் கையில் இருந்தாலும் அது பழைய எண்ணா புது எண்ணா என்பதையும், அருகில் உள்ள பெரிய கட்டடம் எது என்பதையும் கேட்டுக்கொள்ளாமல் புறப்பட வேண்டாம்.

அன்று மாலை, அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த உதவியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரிக்கவில்லை. “நம்பரெல்லாம் தெருவுக்குத் தம்பி. இந்த ரோட்டுக்குப் பேருதான். பேரைக் கேட்டுக்கிட்டுப் போ” என்றார். இந்தச் சாலையைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது. அதைப் பின்பற்றத் தொடங்கியதும் வேறொன்று புலப்பட்டது. இங்கே பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயருக்கு உரிய பொருள்கள் பாதிக்கு மேல் இல்லை.

சாலையின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அறிஞர் அண்ணாவின் மறைவுக்குப் பின் இது அண்ணா சாலை ஆயிற்று. கடிதத் தலைப்புகளிலும் பலகைகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய பல்லவன் பேருந்து நடத்துநர் முதல் இன்றைய ஆட்டோ ஓட்டுநர் வரை வாயில் வருவது மவுண்ட் ரோடுதான். புனித ஜார்ஜ் கோட்டையின் தெற்கே கூவத்தைக் கடந்து பரங்கிமலையை நோக்கிச் செல்லும் சாலை என்பதால் வந்த பெயர் அது. ஆனால் மலைவரை இந்தச் சாலை போவதில்லை; கிண்டி கத்திப்பாரா சந்திப்பிலேயே முடிந்துவிடுகிறது.

கோட்டைப் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்குபவர்களை முதலில் எதிர்கொள்வது தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலை. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, பதவியில் இருக்கும்போதே காலராவால் இறந்தவர் மன்றோ. லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த இந்த வெண்கலச் சிலை 1839-ல் இங்கே நிறுவப்பட்டது. பேருந்தில் போகிற யாருக்கும் தெரியாத ஒன்று, நின்று பார்த்தால் தெரியும்: குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. ஆளுநரின் கால்கள் இரண்டு பக்கமும் வெறுமனே தொங்குகின்றன. அண்ணன் காட்டித்தந்த பிறகே நான் அதைக் கவனித்தேன். நூறு முறையாவது அந்தச் சிலையைக் கடந்திருப்பேன்.

அங்கிருந்து பெரியார் சிலையைத் தாண்டினால் சிம்சன். 1840-ல் குதிரை வண்டிகள் கட்டும் நிறுவனமாகத் தொடங்கியது அது. அதன் பெயரே பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. எதிர்ப்புறம் விரியும் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில்தான் முன்பு ஆளுநர் மாளிகை இருந்தது. அது இடிக்கப்பட்டு, புதிய சட்டமன்ற வளாகம் எழும்பி 2010-ல் திறக்கப்பட்டது. 2014-ல் அதுவே பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆனது. பழைய மாளிகையின் துணையாக எழுப்பப்பட்ட ராஜாஜி மண்டபம் மட்டும் நிற்கிறது.

இந்த மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1802-ல், ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், விருந்து மண்டபமாக இது கட்டப்பட்டது. ஆங்கிலேயர் தங்கள் இரண்டு வெற்றிகளை இதன் நெற்றியில் பதித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பிளாசி, மறுபக்கம் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணம். இதைக் கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் தொழிலால் வானியலாளர். நுங்கம்பாக்கத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று ‘மதராஸ் நேரம்’ கணிக்கப்பட்டதற்கும் அவரே காரணம். அந்த நேரத்தைத்தான் இந்தியாவின் ரயில்கள் நெடுங்காலம் பின்பற்றி ஓடின. தூண்களை நிறுத்திய கையும் நேரத்தை அளந்த கையும் ஒன்றே என்று அறிந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தை நான் வேறு மரியாதையோடு பார்க்கிறேன்.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது, அந்த அகன்ற படிக்கட்டின் கீழே பெருங்கூட்டத்தில் நானும் நின்றேன். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., பிறகு ஜெயலலிதா, கருணாநிதி என்று தமிழ்நாட்டின் தலைவர்களை மக்கள் கடைசியாகப் பார்த்தது இந்தப் படிகளின் மேல்தான். அன்று எனக்கு அந்தக் கட்டடம் துக்கத்தின் இடமாக மட்டுமே தெரிந்தது. ஆங்கிலேயரின் வெற்றி விருந்துக்காக எழுப்பிய மண்டபம், தமிழர்கள் தங்கள் தலைவர்களுக்காக அழுகிற இடமாக மாறியதை எண்ணிப் பார்க்க எனக்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. உள்ளே சென்று பார்க்க விரும்புகிறவர்கள் வாயிற்காவலரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்பதே நல்லது. அரசு வளாகம் என்பதால் அனுமதியின்றி நுழைவதும் படம் எடுப்பதும் தொல்லையில் முடியும்.

தோட்டத்தைத் தாண்டியதும் அண்ணா சிலை. அண்ணா உயிரோடிருந்தபோதே, 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திறக்கப்பட்ட சிலை அது. வாலாஜா சாலை வந்து சேரும் இந்தச் சந்திப்பை, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயதானவர்கள் ‘ரவுண்ட் டாணா’ என்பார்கள். வட்டமும் அப்போது இல்லை, டாணா என்ற காவல் நிலையமும் இல்லை. பெயர் மட்டும் வழி சொல்வதற்குப் பயன்பட்டது.

சிறிது தூரம் சென்றால் அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையம். எங்கள் அலுவலகத்தின் பதிவுத் தபால்களை அனுப்ப வாரத்தில் நான்கு நாளாவது அங்கே வரிசையில் நின்றிருப்பேன். அந்த வளாகத்துக்குள் இருக்கும், தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இயங்குகிற கட்டடத்தை நான் ஏதோ பழைய கிடங்கு என்றே நினைத்திருந்தேன். அது 1913-ல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர். சென்னையில் நிரந்தரக் கட்டடமாக எழுந்த முதல் சினிமாக் கொட்டகை. அதுவரை கூடாரத்திலும் வாடகை மண்டபங்களிலும் ஓடிய படம் இங்கேதான் சொந்தச் சுவர்களுக்குள் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1915-ல், தபால் துறை அதை வாங்கிவிட்டது. கல்யாணத்துக்கு அனுப்பும் வாழ்த்துக்கு அழகான தபால்தலை வாங்க ஒருநாள் உள்ளே போனபோது, அங்கிருந்த ஊழியர் ஒருவர், “இங்கதான் சார் அந்தக் காலத்துல படம் ஓடுச்சு” என்றார். அதன்பின் முகப்பின் வளைவையும், கட்டடத்தின் நீளத்தையும், ஆட்கள் கலைந்து வெளியேற வசதியாக அமைந்த பக்கவாட்டையும் பார்த்தேன். தியேட்டர் என்று தெரிந்த பிறகு அது தியேட்டராகவே தெரிந்தது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். வேலை நாளில், பகலில் செல்ல வேண்டும்.

மற்றக் கட்டடங்களுக்கு நேர்மாறான யோசனை. அவற்றைப் பார்க்க ஞாயிறு காலை ஏழு மணியே சிறந்த நேரம். மற்ற நாள்களில் கண்ணுக்கு நேரே இருக்கும் பலகைகளும் வண்டிகளுமே தெரியும். ஞாயிறன்று நிதானமாகத் தலையை உயர்த்தலாம். இந்தச் சாலையின் வயது முதல் மாடிக்கு மேலேதான் எழுதப்பட்டிருக்கிறது. கீழ்த்தளத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டுவிட்டது; மேலே உள்ள வளைவுகளும் ஓட்டுச் சரிவுகளும் கூண்டுகளும் பெரும்பாலும் தப்பிவிட்டன. பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் மணிக்கூண்டுக் கோபுரத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்தது அது. இன்னொன்று, ஒரு பக்கமாகப் போய் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். அருகில் நின்றால் ஒரு கட்டடத்தின் கதவு மட்டுமே தெரியும், எதிரில் நின்றால்தான் முகம் தெரியும்.

ஹிக்கின்பாதம்ஸுக்கு மட்டும் உள்ளே போயே ஆக வேண்டும். 1844-ல் தொடங்கிய கடை. இன்றும் இயங்கும் இந்தியப் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1904-ல் திறக்கப்பட்டது. மதிய இடைவேளையில் அதன் உயர்ந்த கூரையின் கீழ் நின்றபடியே நான் படித்து முடித்த புத்தகங்கள் பல. கோடையில் அந்தக் கூரையின் உயரம் தந்த குளிர்ச்சியை இப்போதைய குளிர்சாதனம் தருவதில்லை.

எல்.ஐ.சி. கட்டடம் எனக்கு வேலை நிமித்தமாகப் பழகியது. அதன் கதை பலருக்குத் தெரியாது. அதைக் கட்டத் தொடங்கியவர் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதும் பாதி எழுந்த கட்டடம் புதிய கழகத்தின் சொத்தானது. பதினெட்டு மாடி என்று திட்டமிடப்பட்டது பன்னிரண்டு மாடியோடு நின்று, 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிப் பழகிய ஊரில் கான்கிரீட் தூண்களை நம்பி எழுந்த உயரம் அது. 1975-ல் பெரும் தீ விபத்தையும் தாங்கி நின்றது. ஊரிலிருந்து வந்த என் அப்பா சாலையின் எதிரே நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, உதடசைய ஒவ்வொரு மாடியாக எண்ணியதை நான் மறக்கவில்லை. “பன்னெண்டுதாண்டா” என்று எண்ணி முடித்துவிட்டு, திரும்பவும் ஒரு தடவை எண்ணினார்.

ஸ்பென்சர் நான் வந்தபோது எரிந்துபோயிருந்தது. 1890களில் எழுந்த அந்த செந்நிறக் கட்டடத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்களில் நானும் ஒருவன். அந்த இடத்தில் எழுந்த வணிக வளாகத்தைத்தான் என் மனைவியும் மகளும் ஸ்பென்சர் என்று அறிவார்கள். ஆயிரம் விளக்கும் அப்படித்தான். மொகரம் நாள்களில் ஷியா முஸ்லிம்கள் கூடும் இடத்தில் ஆயிரம் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டதால் வந்த பெயர் அது. இன்று அங்கே உயர்ந்து நிற்கும் பள்ளிவாசலின் கோபுரங்களைப் பார்க்கலாம். பெயரோ முழுப் பகுதிக்கும், சட்டமன்றத் தொகுதிக்கும், மெட்ரோ நிலையத்துக்கும் பரவிவிட்டது.

சஃபையர் என்ற பேருந்து நிறுத்தத்தை எண்ணும்போது மனம் கனக்கிறது. 1964-ல் தொடங்கிய சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்த தியேட்டர்கள். நாட்டில் அப்படி அமைந்தவற்றில் முதலாவது. புளூ டைமண்டில் காலையிலிருந்து இரவு வரை படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். சீட்டு வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். இரண்டு டெலிவரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தால், பாதிப் படத்தில் உள்ளே போய் அமர்ந்து, கதையின் முடிவை முதலிலும் தொடக்கத்தைப் பிறகும் பார்த்துவிட்டு, டெலிவரி நோட்டோடு எழுந்து வந்திருக்கிறேன். 1990களில் அது இடிக்கப்பட்டது. அதன்பிறகும் நடத்துநர்கள் “சஃபையர் எறங்கு” என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜெமினியில் பெயரோடு சிலையும் சேர்ந்து கதை சொல்கிறது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி சினிமா ஸ்டுடியோ போய்விட்டது. 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பது முறையான பெயர் என்றாலும், அது ஜெமினி பாலம்தான். பாலத்தருகே, திமிறும் குதிரையை ஒருவர் இழுத்து அடக்கும் சிலையைக் காணலாம். அழகுக்காக வைத்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவு அது. 1996-ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது; இதே சாலையின் தென்கோடியில் கிண்டியில் குதிரைகள் அதன்பிறகும் ஓடின. சிலையில் மட்டும் குதிரை அடக்கப்பட்டே நிற்கிறது. இந்தச் சிலையைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருப்பதால், அந்தத் திசையில் கேமராவைத் தூக்கினால் காவலர்கள் உடனே வந்து நிற்பார்கள். எனக்கு அது நடந்தது. அவர்கள் சொன்னபடி படத்தை அழித்துவிட்டு, பாலத்தின் மறுபக்கம் போய், முதுகைத் தூதரகத்துக்குக் காட்டியபடி எடுத்துக்கொண்டேன்.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலையடிகள் பாலத்தின் பழைய பெயர் மர்மலாங் பாலம். மாம்பலம் என்பது ஆங்கிலேயர் நாவில் அப்படி ஆனது. 1726-ல் அந்தப் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலையில் தேவாலயத்துக்கு ஏறும் படிகளை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. அவருடைய பாலம் இப்போது இல்லை. 1960களில் புதுப் பாலம் வந்துவிட்டது. ஆனால் பழைய பாலத்தின் கல்வெட்டு எஞ்சியது. 1991-ல் முதன்முதலாக அதன் முன் நின்றேன். தூசியும் சுவரொட்டிப் பசையும் படிந்திருந்த அந்தக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்தபோது, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் விரலடியில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. லத்தீன், பாரசீகம், ஆர்மீனியம் ஆகிய மூன்று மொழிகள் என்று பிறகு அறிந்தேன். அந்தக் கல்லை நான் அறிய வந்ததும் வழி கேட்டதனால்தான்: ஆற்றங்கரையில் இளநீர் விற்றவரிடம் பழைய பாலம் எங்கே என்று கேட்டேன், “பாலம் இல்லைங்க, கல்லு இருக்கு” என்று கை காட்டினார். அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து, ஒரு பெயரைக் கேள்விப்பட்டால் அது எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு, அது எங்கே போனது என்றும் கேட்டு வருகிறேன்.

அப்படிக் கேட்டு எனக்குக் கிடைத்ததில் மிக நீண்ட பதில் செனடாஃப் ரோட்டுடையது. நந்தனத்தை நெருங்கும்போது பிரியும் அந்தச் சாலையில் பல ஆண்டுகள் கடிதம் கொடுத்திருக்கிறேன். செனடாஃப் என்றால், உடல் வேறோர் இடத்தில் இருக்க, நினைவுக்காக மட்டும் எழுப்பும் வெற்றுக் கல்லறை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபு 1805-ல் காசிப்பூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவருடைய நினைவு மண்டபம் மவுண்ட் ரோட்டிலிருந்து இந்தச் சாலை பிரியும் இடத்தில் நின்றது. கோட்டைக்கும் பரங்கிமலைப் பாசறைக்கும் இடையே படை நடந்த வழி இது. திப்புவை வென்ற நினைவாக ஒரு முனையில் விருந்து மண்டபமும், திப்புவைப் பணியவைத்தவரின் நினைவாக நடுவழியில் மற்றொரு மண்டபமும் அமைந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அந்த மண்டபம் பெயர்த்தெடுக்கப்பட்டு இடம் மாறி, இப்போது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது.

சென்ற ஆண்டு மகளை அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனேன். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மண்டபத்தைச் சுற்றி வந்தபின், அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலையிடம் போனோம். மகள் பிரபுவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பீடத்தில், 1792-ல் பிணையாக ஒப்படைக்கப்பட்ட திப்புவின் மகன்கள் இருவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் உயரத்துக்குக் குனிந்து, இவர்களில் சின்னவன் எவன் என்று என்னைக் கேட்டாள்.